தேயிலைத் தகரத்தில் சிரிக்கும் பெண்: கலை எப்படி அரசியல் பேசுகிறது?

எங்கள் வீட்டு அடுப்படித் தட்டில் ஒரு தேயிலைத் தகரம் இருந்தது. கொழும்பில் கடைவேலை பார்த்த மாமா ஒரு தீபாவளிக்குக் கொண்டுவந்தது. தேயிலை தீர்ந்து வருடக் கணக்காகியும் அம்மா அதில் சீனி போட்டு வைத்திருந்தார். தகரத்தின்மேல் ஒரு பெண். சிவப்புச் சேலை, கை நிறைய வளையல், முதுகில் கூடை, பின்னால் பச்சை மலை. விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். முகம் நிறையச் சிரிப்பு.

எனக்கு எட்டு வயது இருக்கும். “இந்த அக்கா எந்தத் தோட்டம்மா?” என்று கேட்டேன். அம்மா அப்போதுதான் மழையில் நனைந்து வந்து, காலில் ஏறிய அட்டைகளை உப்பு வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். தகரத்தை ஒருமுறை பார்த்தார். “இது மலைக்குப் போற பொம்பளை இல்ல. படம் புடிக்க நிக்க வச்சது. இடுப்புல படங்கு இல்ல பாரு” என்றார்.

படங்கு என்றால், மழையில் நனையாமலும் செடியின் கிளை கீறாமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் சாக்கு அல்லது றப்பர் விரிப்பு. அது இல்லாமல் யாரும் தேயிலைச் செடிக்குள் இறங்க மாட்டார்கள். அம்மா ஐந்தாம் வகுப்போடு வேலைக்குப் போனவர். ஆனாலும் ஒரு படத்தைப் பார்த்தவுடன் அதில் என்ன இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். கலையும் அரசியலும் எங்கே சந்திக்கின்றன என்று என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அரசியல் என்றதும் நம் ஊரில் கட்சி, தேர்தல், தொழிற்சங்கச் சந்தா என்றுதான் நினைப்போம். இந்தக் கட்டுரைக்கு அந்தச் சொல்லைக் கொஞ்சம் அகலமாக எடுத்துக்கொள்வோம். யாருக்கு என்ன கிடைக்கிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள், யார் பேசினால் மற்றவர்கள் காது கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அரசியல். ஒரு பாட்டு, ஒரு படம், ஒரு கூத்து இந்தக் கேள்விகளில் எதையாவது தொட்டு மனிதர்களை ஒரு பக்கம் நகர்த்தினால், அந்தக் கலை அரசியல் வேலை செய்கிறது. அதைச் செய்தவர் “நான் அரசியல் பேசவில்லை” என்று சொன்னாலும் சரி.

இந்த நகர்த்தல் இரண்டு பக்கமும் நடக்கும். அதிகாரத்தில் இருப்பவர், இருக்கும் நிலைமை நல்லதுதான், இயல்பானதுதான் என்று நம்ப வைக்கக் கலையைப் பயன்படுத்துவார். அதைப் பிரசாரம் என்கிறோம். அந்த நிலைமைக்குக் கீழே நசுங்குபவர், இது சரியில்லை என்று சொல்லக் கலையைப் பயன்படுத்துவார். அது எதிர்ப்புக் கலை. கருவிகள் இருவருக்கும் ஒன்றுதான். அதே நிறம், அதே மெட்டு, அதே மேடை. அதனால்தான் கையில் இருக்கும் தூரிகையைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்தக் கை யாருடையது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பொய் சொல்லாமல் ஏமாற்றும் படம்

தகரத்துப் பெண்ணிடம் திரும்புவோம். அந்தப் படத்தில் பொய் என்று எதைச் சொல்ல முடியும்? சேலை உண்மை. கூடை உண்மை. மலை உண்மை. கொழுந்து எடுக்கும் பெண்கள் சிரிக்காதவர்களும் இல்லை. எங்கள் அம்மாவும் சித்தியும் மலையில் அடித்த கூத்துகளைச் சொன்னால் நாள் போதாது. படம் பொய் சொல்லவில்லை. தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது. லயம் என்னும் வரிசை வீட்டுக் காம்பராவின் ஒழுகும் கூரை, ஒரு நாளில் 18, 20 கிலோ கொழுந்தை எட்டாவிட்டால் அரைப் பேர் போடும், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும் எழுதும் கணக்கு, நிறுக்கும் இடத்தில் தராசோடு நடக்கும் வாக்குவாதம், இவையெல்லாம் சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டன.

இதைச் செய்தவர்களுக்கு நல்ல திட்டம் இருந்தது. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்ன உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்ற பொருளில் அவர் செய்த விளம்பரம் உலகம் முழுக்கப் போனது. நேரே என்று சொல்லும்போது நடுவில் நிற்கும் மனிதர்கள் எப்படி மறைந்து போகிறார்கள் என்று கவனியுங்கள். 1926இல் பிரித்தானிய அரசாங்கம், பேரரசின் பொருட்களையே வாங்குங்கள் என்று தன் மக்களைப் பழக்கத் தனியாக ஒரு சபை அமைத்து, தேர்ந்த ஓவியர்களைக் கொண்டு சுவரொட்டிகள் வரைவித்தது. நம் தேயிலை மலைகளும் அவற்றில் வந்தன. 1932இல் இலங்கையிலேயே ஒரு சபை உருவானது. அதன் பெயர் என்ன தெரியுமா? இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. இன்று யாரும் தன் வேலைக்கு வைத்துக்கொள்ளத் தயங்கும் அந்தச் சொல் அன்று பெயர்ப்பலகையிலேயே இருந்தது. அது கெட்ட வார்த்தையாக இன்னும் மாறாத காலம்.

பிரசாரம் வேலை செய்வது திரும்பத் திரும்பச் சொல்வதால். ஒரே மாதிரிப் படத்தை நூறு முறை பார்த்தவருக்கு மலையகம், அதாவது இலங்கையின் தேயிலை மலைநாடு, ஒரு பச்சைக் கம்பளம்; அந்தப் பெண் அதில் நெய்த பூ. பூவிடம் போய் யாராவது சம்பளம் கேட்பார்களா? மலையகத்துப் பெண் சம்பளம் கேட்டுச் சாலையில் உட்காரும்போது நகரத்தில் சிலருக்கு வரும் வியப்பு, எரிச்சல் எல்லாம் இப்படித்தான் உருவாகின்றன. அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் பழகிய படத்தில் அவள் வாய் திறந்து பேசியதே இல்லை.

ஆண்டுக் கணக்கு வைப்பதிலும் இதே தேர்வு இருக்கிறது. 2017இல் இலங்கைத் தேயிலைக்கு 150 ஆண்டு என்று கொண்டாடினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டதிலிருந்து எண்ணிய கணக்கு அது. 2023இல் எங்கள் மக்கள் “மலையகம் 200” என்றார்கள். தேயிலைக்கு முன்பே, 1820களில் கோப்பித் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்து இறங்கியதிலிருந்து எண்ணிய கணக்கு. முதல் கணக்கு செடியில் தொடங்குகிறது; அடுத்தது மனிதரில் தொடங்குகிறது. இரண்டும் சரியான கூட்டல்தான்.

அந்த 2023இல் நடந்த நடைபவனியையும் நான் கலை என்றே சொல்வேன். ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. படகில் வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியாக மாத்தளைவரை நடந்தார்கள்; பசியிலும் கொள்ளை நோயிலும் வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பாதையைப் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் காலால் மறுபடி நடந்து காட்டினார்கள். மேடை இல்லை, திரை இல்லை. உடம்பே ஒரு கதையைச் சொல்லும்போது அது நிகழ்த்துகலை. தெருவோரம் நின்று தண்ணீர் கொடுத்தவரும் அதில் ஒரு பாத்திரம் ஆகிவிடுகிறார்.

ஆசிரியர் இல்லாத பாட்டு

எழுதப் படிக்க விடாத மக்களிடம் முதலில் இருந்த ஆயுதம் பாட்டு. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு என்று ஊரிலிருந்து கொண்டுவந்த வடிவங்களுக்குள் மலைநாட்டு வாழ்க்கையை ஊற்றினார்கள். கோப்பிக் கன்று நட்ட மலையைக் காட்டி, அண்ணனைப் பறிகொடுத்த மலை இதுதான் என்று சொல்லும் பாட்டை எங்கள் அப்பாயி பாடுவார். ஆட்களை வேலை வாங்கும் கங்காணியைக் கேலி பண்ணும் பாட்டுகள், கணக்கப்பிள்ளையின் கணக்கைக் கிண்டல் செய்யும் பாட்டுகள் ஏராளம்.

இவை எப்படித் தப்பிப் பிழைத்தன என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்தை நடத்தும் துரைக்கு எதிராகத் துண்டறிக்கை அடித்தால் அடித்தவன் யார் என்று தேடலாம். பாட்டுக்கு ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாததால் பத்துச்சீட்டை, அதாவது வேலையிலிருந்து நீக்கும் சீட்டை, கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டு விரட்டவும் ஆள் இல்லை. “எல்லாரும் பாடுறது, நானும் பாடுனேன்” என்றால் முடிந்தது. பிள்ளையைத் தூங்க வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒரு தாய் தன் வயிற்றெரிச்சல் முழுவதையும் தாலாட்டில் கொட்ட முடியும். எதிர்ப்பு எப்போதும் கையை உயர்த்திக்கொண்டு வராது. அதைக் கேட்கும் காது இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரியும் வரும்.

இந்த மறைவான பாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து சங்கம் கட்டப் பயன்படுத்தியவர்களில் ஒரு தம்பதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோ. நடேசய்யர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடக்கூடிய காலத்தில், துணி வியாபாரிகளோடு ஒருவராகத் தோட்டங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்தார். பத்திரிகை நடத்தினார், நாடகம் எழுதினார், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் தொடங்கினார், 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசுப் பேரவைக்குப் போனார். அவர் மனைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாடினார். பாரதியார் பாட்டும் பாடினார். தொழிலாளர் துயரத்தைத் தானே பாட்டாகக் கட்டியும் பாடினார்.

அவர் செய்ததன் சூட்சுமம் எளிது. மெட்டு ஏற்கெனவே காதில் இருந்தால் புதிய சொல் மட்டும் ஏறினால் போதும். ஒருமுறை கேட்டவர் லயத்துக்குத் திரும்பும்போது முணுமுணுப்பார். அடுத்த நாள் மலையில் பக்கத்து நிரையில் நிற்பவள் கேட்பாள். துண்டறிக்கையைப் படிக்க எழுத்துத் தெரிய வேண்டும். பாட்டுக்கு அது வேண்டாம். துண்டறிக்கையைப் பறித்துக் கிழிக்கலாம். வாயில் ஏறிய பாட்டை யார் பறிப்பது? இன்னொன்றும் உண்டு. கொழுந்து மலையில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். ஆண்கள் மட்டும் பேசும் மேடையைத் தள்ளி நின்று பார்த்தவர்கள், ஒரு பெண் எழுந்து பாடியபோது கிட்டே வந்திருப்பார்கள். நமது தொழிற்சங்க வரலாற்றில் நடேசய்யர் பெயர் நிற்கும் இடத்தில் மீனாட்சி அம்மையின் பெயரும் அதே அளவு எழுத்தில் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தப்பு

தப்பைப் பற்றிப் பேசாமல் மலையகத்தில் எதிர்ப்புக் கலையை விளக்கவே முடியாது. தோல் கட்டிய அந்த வட்டப் பறை தோட்டத்தில் பல வேலை செய்தது. திருவிழாவுக்கு அடித்தார்கள், சாவுக்கு அடித்தார்கள். விடியுமுன் ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதியும் அணிவகுப்புக்கு, வரச்சொல்லவும் அடித்தார்கள். துரையின் கட்டளை மக்களின் தோலிலிருந்து ஒலித்தது என்றே சொல்லலாம். அதை அடித்தவர்களை மட்டும் சாதி சொல்லி ஒதுக்கி வைத்தார்கள்.

நான் படித்த பாடசாலையின் கலைவிழாவுக்கு நாங்கள் நான்கு பேர் தப்பு அடிக்கப் பழகிக்கொண்டு போனோம். பொறுப்பாக இருந்த ஆசிரியர், “அது சாவு வீட்டுக்கு அடிக்கிறது, மேடைக்கு ஆகாது” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். பரதமும் கோலாட்டமும் நடந்தன. நாங்கள் தப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனோம். எங்களுக்குப் பழக்கிய பெரியப்பா ஒன்றும் கேட்கவில்லை. தப்பை வாங்கி, நெருப்பில் காய்ச்சி, இருந்த இடத்தில் மாட்டினார். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இன்று சம்பளப் போராட்டம் என்றாலும் மே தின ஊர்வலம் என்றாலும் தப்புதான் முன்னால் போகிறது. பெண்பிள்ளைகளும் அடிக்கிறார்கள். என்ன மாறியது? தோல் அதேதான், அடியும் அதேதான். யார் அழைக்கிறார், எதற்கு அழைக்கிறார் என்பது மாறிவிட்டது. வேலைக்குக் கூப்பிட்ட ஒலி உரிமைக்குக் கூப்பிடுகிறது. இழிவு என்று சொல்லி ஒதுக்கியதைத் தலைநிமிர்ந்து கையில் எடுப்பது எதிர்ப்புக் கலையின் மிகப் பழைய வழிகளில் ஒன்று. உலகத்தில் ஒடுக்கப்பட்டவர்கள் பல இடங்களில் இதைச் செய்திருக்கிறார்கள். தாளத்துக்கு உடம்போடு தொடர்பும் உண்டு. ஐந்நூறு பேர் ஒரே அடிக்குக் கால் வைக்கும்போது தனியாக நின்றால் வரும் பயம் பாதியாகக் குறைந்துவிடும். போராட்டத்துக்குப் போனவர்களுக்கு நான் சொல்லாமலே இது விளங்கும்.

கூத்தும் இப்படித்தான். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி நடத்தும் காமன் கூத்து பக்திச் சடங்கு; ரதியும் மன்மதனும் சிவனும் வரும் கதை. ஆனால் பெரட்டுக் களத்தைத் தவிர வேறு எங்கும் ஒன்றுகூட முடியாத மக்கள், தாங்களே முடிவுசெய்து, தாங்களே பாத்திரம் பிரித்து, இரவிரவாக ஒன்றுகூடியது அங்கேதான். கூத்தில் கோமாளிக்கு எதையும் சொல்லும் சலுகை உண்டு. கதைக்குள் நின்றுகொண்டே கணக்கப்பிள்ளையை ஒரு இடி இடித்துவிட்டுப் போவான். கணக்கப்பிள்ளையும் சிரித்துத்தான் ஆகவேண்டும்.

அதிகாரம் ஏன் பயப்படுகிறது

ஒரு பாட்டு, ஒரு நாடகம் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றும் செய்யாது என்றால் அரசுகள் ஏன் அதற்குச் சட்டம் போடுகின்றன?

வங்காளத்தில் அவுரித் தோட்டத் துரைமாரின் கொடுமையைக் காட்டி தீனபந்து மித்ரா 1860இல் ‘நீல் தர்ப்பண்’ என்ற நாடகத்தை எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லோங்குக்கு 1861இல் ஒரு மாதச் சிறையும் 1000 ரூபா அபராதமும் விதித்தார்கள். 1875இல் அசாம் தேயிலைத் தோட்டங்களின் கொடுமையைப் பற்றியே ஒரு வங்க நாடகம் வந்தது. எங்கள் கதைதான், வேறு மலையில். இப்படிப்பட்ட நாடகங்கள் பெருகியதும் 1876இல் பிரித்தானிய அரசு இந்தியாவில் நாடகங்களைத் தடைசெய்ய அதிகாரம் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கையிலும் 1912இல் பொது நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் கட்டளைச் சட்டம் வந்தது. நாடகப் பிரதியை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்கும் வழக்கம் அதன் வழியாக வந்ததுதான். இதைத் தணிக்கை என்கிறோம்.

செத்த காலத்து ஓவியம்கூடச் சங்கடம் தரும். ஸ்பெயினின் கெர்னிகா ஊர்மீது 1937 ஏப்ரல் 26இல் குண்டு போட்டதைப் பிக்காசோ வரைந்தார். அதன் நெசவுப் பிரதி ஒன்று நியூயோர்க்கில் ஐ.நா. பாதுகாப்புச் சபை வாசலில் தொங்கியது. 2003 பெப்ரவரியில் ஈராக் போருக்கு ஆதரவு தேடி அமெரிக்கா அங்கே பேச வந்தபோது, அந்தப் பிரதியை நீலத் திரை போட்டு மூடினார்கள். போருக்கு ஆதரவு கேட்பவரின் பின்னால், குண்டில் செத்த பிள்ளையைத் தூக்கி அலறும் தாய் நிற்கலாமா?

நம் பக்கத்தில் எழுத்தும் அரசியலும் ஒரே ஆளில் சேர்ந்த உதாரணம் சி.வி. வேலுப்பிள்ளை. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர். 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து பாராளுமன்றத்துக்குப் போன இலங்கை இந்திய காங்கிரஸ் உறுப்பினர்கள் ஏழு பேரில் ஒருவர்; தலவாக்கலைத் தொகுதி. அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பின்னாலேயே வாக்குரிமை பறிப்பு. வாக்குச் சீட்டு இல்லாமல் போன மக்களுக்காக அவர் கவிதை எழுதினார், அதையும் முதலில் ஆங்கிலத்தில் எழுதினார். தோட்டத்து மக்கள் ஆங்கிலம் படிக்க மாட்டார்களே, பிறகு யாருக்கு எழுதினார் என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. துரையும் கொழும்பும் படிக்கட்டும் என்று எழுதினார் என்றே நான் நினைக்கிறேன். பின்னாளில் அதே மனிதர் மலையக நாட்டார் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார். அது எங்களுக்காக.

திடலும் சுவரும், மூன்று காட்சி

2018 ஒக்டோபரில், அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவாக இருந்த காலத்தில், நாளுக்கு 1000 ரூபா கேட்டு மலையகத்து இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்புக் காலிமுகத்திடலில் கூடினார்கள். கடைகளிலும் ஹோட்டல்களிலும் தனித்தனியாக வேலை செய்து, யார் கண்ணிலும் படாமல் இருந்த பிள்ளைகள் அவர்கள். கறுப்பு உடைக்குப் பெரிய செலவு இல்லை. யார் வீட்டிலும் ஒரு கறுப்புச் சட்டை இருக்கும். ஆனால் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் அது சேர்ந்தபோது ஒரே படமாகிவிட்டது. எந்த மொழிப் பத்திரிகையும் வார்த்தை மாற்றாமல் போடக்கூடிய படம்.

2019 கடைசியில் ஆட்சி மாறியதும் நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்களில் ஓவியம் தீட்டினார்கள். அவர்கள் உற்சாகம் உண்மையானது. ஆனால் அந்தச் சுவர்களில் பழைய மன்னர்களும் போர்வீரர்களும் நிறைய இருந்தார்கள். கொழுந்துக்காரியும் லயமும் வந்த இடங்கள் மிகக் குறைவு. 2022 ஏப்ரலில் மறுபடி அதே காலிமுகத்திடல். எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்று களைத்த நாடு அங்கே கூடாரம் அடித்து, நூலகம் வைத்து, ஓவியம் வரைந்து, பாட்டுப் பாடி, ஜனாதிபதியை வீட்டுக்குப் போ என்றது. தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். ஜூலையில் அவர் பதவி விலகினார். சுவரில் புகழ்ந்து வரைந்த தலைமுறையே மூன்று வருடத்துக்குள் எதிர்த்து வரைந்தது. கலை யாருக்கும் நிரந்தரச் சொத்து இல்லை.

சரி, பாட்டும் படமும் சம்பளத்தைக் கூட்டுமா? நேரடியாக ஒரு சதம்கூடக் கூட்டாது. 2021 மார்ச்சில் 1000 ரூபா வர்த்தமானியில் வந்தது சங்கங்களின் பேரம், சம்பள நிர்ணய சபையின் வாக்கெடுப்பு, அரசாங்கத்தின் அரசியல் கணக்கு எல்லாம் சேர்ந்து. கலையின் வேலை அதற்கு முன்னால் முடிந்திருந்தது. “ஆயிரம்” என்ற ஒரு சொல்லை நாடு முழுக்கத் தெரிந்த சொல்லாக்கியது அந்தக் கறுப்பு உடையும் பதாகைகளும் தப்பும். யாரும் அறியாத கோரிக்கையை மறுப்பது சுலபம். எல்லாரும் அறிந்த கோரிக்கையை மறுக்க வெட்கம் வரும்.

நம்முடையவர்கள் செய்யும் பிரசாரத்தையும் விட்டுவிடக் கூடாது. எழுத்துத் தெரியாத வாக்காளருக்காக வந்த சின்னங்களே படக் கலைதான். சேவல் என்றால் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், மண்வெட்டி என்றால் மலையக மக்கள் முன்னணி என்று மலையகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உழைப்பவன் கையில் இருக்கும் மண்வெட்டியைச் சின்னமாக எடுத்தது அருமையான யோசனை. ஆனால் மே தின மேடைக்குப் பின்னால் கட்டும் பெரிய பதாகையில் கொழுந்துக் கூடையோடு பெண் நிற்பாள். மேடை நாற்காலிகளில் பெரும்பாலும் ஆண்களே உட்கார்ந்திருப்பார்கள். தேயிலைக் கம்பனி செய்ததையே நாமும் செய்கிறோம் என்று எனக்கு அப்போதெல்லாம் மனம் கனத்துப்போகும்.

இப்போது வரைபவர்கள்

மலையகத்திலிருந்து வந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம், பாவித்த தேநீர்ப் பைகளையும் தேநீர் வடிகளையும் தேநீர்க் கறையையுமே தன் ஓவியப் பொருளாக்கினார். இதைக் கவனிக்கச் சொல்லி நான் பிள்ளைகளிடம் வற்புறுத்துவேன். தேநீர்க் கறையால் ஒரு வீட்டையோ முகத்தையோ உருவாக்கும்போது, குடித்துவிட்டுத் தூக்கி எறிந்ததே திரும்பி வந்து பேசுகிறது. எதை வைத்துச் செய்கிறோம் என்பதும் செய்தியின் ஒரு பகுதி. ஒரு சிக்கல் உண்டு: இப்படிப்பட்ட கண்காட்சிகள் பெரும்பாலும் நகரத்தில் நடக்கும், லயத்தில் இருப்பவர் பார்ப்பது அரிது. அதனால்தான் கம்பளைக்கு அருகே பழைய லயக் காம்பராக்களையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி, உலக்கை, கூடை, பழைய பதிவுகள் எல்லாம் வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல எங்கள் ஆட்கள் அங்கே போகலாம்.

இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் நுவரெலியாப் பாதையோரம் வண்டியை நிறுத்திக் கொழுந்துப் பெண்களைச் சிரிக்கச் சொல்லி வீடியோ எடுக்கிறார்கள். தகரத்துப் படம் கைக்குள் வந்துவிட்டது. நம் இளையவர்களும் தோட்டத்து வாழ்க்கையை எடுத்துப் போடுகிறார்கள், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஒரே ஒரு கெஞ்சல். வேலையிடத்தில் ஒரு அக்கா குறை சொல்வதை எடுக்கும்போது, முகத்தைப் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். உங்களுக்கு அது ஒரு நல்ல வீடியோ. அவருக்கு மறுநாள் காலையில் பெரட்டில் யாரிடமோ பதில் சொல்ல வேண்டிய விஷயம். கைகளை மட்டும் எடுங்கள், குரலை மட்டும் போடுங்கள், அல்லது வரைந்து காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளோடு சித்திரம் போடுவேன். போன மாதம் ஒரு தேயிலைப் பெட்டியை நடுவில் வைத்து, “இந்தப் படத்தைத் திருத்தி வரையுங்க” என்றேன். ஒருவன் மழை போட்டான். ஒருத்தி தராசைப் போட்டு முள்ளைச் சரியாக 18க்குக் கீழே நிறுத்தினாள். கூடைக்குப் பதில் இப்போது தோளில் தொங்கும் நைலோன் பையை வரைந்தான் இன்னொருவன். கடைசி வரிசையில் இருந்த சின்னப் பிள்ளை ரொம்ப நேரம் பழுப்பு நிறத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டிக்கொண்டிருந்தாள்.